அக்சஸ் 2007 டெம்ப்ளேட்டில் படிவங்களைத் திறப்பது எப்படி?

பழைய கணினியில் இன்னும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் 2007 என்ற தரவுத்தள மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம். பழகிப் பார்க்க ‘காண்டாக்ட்ஸ்’ டெம்ப்ளேட் (ஆயத்த மாதிரிக் கோப்பு) போதும். ‘ஸ்டூடன்ட்ஸ்’ டெம்ப்ளேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் நாளே அதற்குள் நுழைந்தால் தலை சுற்றும்.

1. அக்சஸைத் திறந்ததும் வரும் முகப்பில், இடப்பக்கம் ‘லோக்கல் டெம்ப்ளேட்ஸ்’ என்பதைச் சொடுக்குங்கள். ‘காண்டாக்ட்ஸ்’ படத்தைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் கோப்புக்குப் பெயர் கொடுத்து, ‘கிரியேட்’ பொத்தானை அழுத்துங்கள். தொடர்புப் பட்டியல் படிவம் தானாகவே திறக்கும்.

2. மேலே பாதுகாப்பு எச்சரிக்கைப் பட்டை தெரிந்தால் ‘ஆப்ஷன்ஸ்’ சென்று, ‘எனேபிள் திஸ் கன்டென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ‘ஓகே’ கொடுங்கள். பலர் இந்தப் பட்டையைக் கண்டுகொள்வதில்லை. பிறகு பொத்தான் வேலை செய்யவில்லை என்று டெம்ப்ளேட்டைத் திட்டுவார்கள். அனுமதி தராதவரை உள்ளே எழுதப்பட்ட நிரல் ஓடாது. 2007 பதிப்பு இந்த அனுமதியை நினைவில் வைப்பதும் இல்லை, திறக்கும்போதெல்லாம் கேட்கும். சலிப்பாக இருந்தால், கோப்பு உள்ள ஃபோல்டரை ‘டிரஸ்ட் சென்டர்’ அமைப்பில் நம்பகமான இடமாகச் சேர்த்துவிடுங்கள். இணையத்தில் இறக்கியதையெல்லாம் போட்டுவைக்கும் ஃபோல்டரை மட்டும் சேர்க்காதீர்கள்.

3. மற்ற படிவங்கள் எங்கே? இடது ஓரத்தில் ஒரு பட்டை ஒடுங்கிக் கிடக்கும். எஃப்11 விசையைத் தட்டினால் விரியும். அதன் தலைப்பைச் சொடுக்கி ‘ஆப்ஜெக்ட் டைப்’ என்று மாற்றுங்கள். அதே பட்டியலின் அடியில் ‘ஆல் அக்சஸ் ஆப்ஜெக்ட்ஸ்’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். ‘ஃபார்ம்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் படிவங்கள் வரிசையாக நிற்கும். இரட்டைச் சொடுக்கில் திறக்கும். வலச் சொடுக்கில், படிவத்தின் அமைப்பை மாற்ற உதவும் ‘டிசைன் வியூ’ கிடைக்கும்.

4. தொடக்கப் படிவம் வேண்டாமென்றால், கோப்பைத் திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். முழுவதும் திறந்த பிறகே கையை எடுக்க வேண்டும்.

அட்டவணையில் பதிவுகள் இருந்தும் ஏதாவது ஒரு படிவம் வெறுமையாகத் திறக்கிறதா? பதிவுகள் அழிந்துவிடவில்லை. அந்தப் படிவத்தை ‘டிசைன் வியூ’வில் திறந்து எஃப்4 தட்டுங்கள், பண்புகளின் பட்டியல் வரும். அதன் ‘டேட்டா’ தாவலில் ‘டேட்டா என்ட்ரி’ என்பது ‘யெஸ்’ என்று இருந்தால், அந்தப் படிவம் புதிய பதிவுக்கான காலி இடத்தை மட்டுமே காட்டும். அதை ‘நோ’ என்று மாற்றிச் சேமித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.