படகின் வளையும் பிளாஸ்டிக் பாகங்களைப் புதுப்பித்துப் பெயிண்ட் அடித்தல்

படகின் விளிம்பைச் சுற்றி ஓடும் உராய்வுப் பட்டை, உள்ளறைக்குக் காற்றை இழுத்துத் தரும் வளைந்த வினைல் குழல், கம்பிக் கயிறுகளின் முனைகளை மூடும் உறை போன்றவை பெரும்பாலும் வளையக்கூடிய பிளாஸ்டிக்கால் ஆனவை. சில ஆண்டுகள் வெயிலும் உப்புக் காற்றும் பட்டபின் இவை நிறம் வெளுத்து, விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகின்றன. மரத்துக்கோ இரும்புக்கோ வாங்கிய பெயிண்ட் மீதமிருக்கிறது என்பதற்காக அதையே இவற்றின் மேல் பூசினால், சில வாரங்களில் அது பிசுபிசுக்கும் அல்லது செதில் செதிலாக உரிந்து வரும்.

இதற்குக் காரணம் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே இருக்கிறது. வினைல் என்று நாம் சொல்லும் பிவிசி இயல்பாகவே விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஆவதும் அதுதான். அதை வளையச் செய்வதற்காக எண்ணெய் போன்ற மென்மையூட்டி ஒன்றைக் கலக்கிறார்கள். மென்மையான வினைலில் அதன் பங்கு எடையில் 20 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். இந்த மென்மையூட்டி பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைக்கப்படாததால், காலப்போக்கில் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். மேலே சாதாரண எனாமல் பெயிண்ட் இருந்தால் மென்மையூட்டி அதற்குள் புகுந்து இளக்கிவிடுகிறது. அப்படி இளகிய பெயிண்ட் எத்தனை நாள் காத்திருந்தாலும் முழுவதுமாகக் காயாமல் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எபாக்ஸி போன்ற விறைப்பான பூச்சுகளுக்கு நேர்வது வேறு: பட்டை முதல் தடவை வளையும்போதே அவை விரிசல் விடும்.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன் அந்தப் பாகம் பெயிண்டுக்குத் தகுதியானதா என்று பார்த்துவிட வேண்டும். கண்ணில் படாத ஓர் ஓரத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். நிறம் மட்டும் மங்கியிருந்தால் புதுப்பிக்கலாம். வளைவின் வெளிப்பக்கத்தில் மயிரிழை விரிசல்கள் திறந்துகொண்டால் மென்மையூட்டி பெருமளவு போய்விட்டது என்று பொருள். போன மென்மையை எந்தப் பெயிண்டாலும் திருப்பித் தர முடியாது என்பதால், அப்படிப்பட்ட பாகத்தை மாற்றிவிடுவதே மேல். நீளவாக்கில் சுருங்கி, முனைமூடிக்கும் பட்டைக்கும் இடையே இடைவெளி விழுந்த உராய்வுப் பட்டைக்கும் இது பொருந்தும்.

அடுத்து, அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்தாக வேண்டும். ஓரத்திலிருந்து சிறு துணுக்கைச் சீவி, சோப்பு ஒரு சொட்டு விட்ட நல்ல தண்ணீரில் அழுத்தி மூழ்கடித்து விடுங்கள். மிதந்தால் அது பாலிஎத்திலீனாகவோ பாலிப்ரொப்பிலீனாகவோ இருக்கலாம்; மூழ்கினால் பிவிசியாகவோ ரப்பராகவோ இருக்கலாம். துணுக்கில் காற்றுக் குமிழ்கள் கொண்ட பஞ்சு அமைப்பு இருந்தால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பிவிசிதானா என்று உறுதிப்படுத்த, செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அந்தத் துணுக்கில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டலாம். சுடர் பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது. கிளம்பும் புகை தொண்டையையும் கண்ணையும் எரிக்கும் என்பதால், எரிபொருள் இருக்கும் படகிலிருந்து விலகி, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள்.

பெரும்பாலும் வேலை கெடுவது பெயிண்ட் பூசும்போதல்ல, சுத்தம் செய்யும்போதுதான். முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் நைலான் பிரஷும் கொண்டு பட்டையின் பள்ளங்கள் வரை தேய்க்க வேண்டும். கருப்பான பூஞ்சைப் புள்ளிகளுக்கு நீர்த்த பிளீச்சைப் பூசி, சில நிமிடங்களில் நன்றாக அலசிவிடலாம். பிளீச்சோடு அமோனியா கலந்த திரவத்தையோ அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். வெள்ளை வினைலில் தெரியும் இளஞ்சிவப்புக் கறை மட்டும் இதற்கு மசியாது. நுண்ணுயிர்கள் விட்ட சாயம் மென்மையூட்டியில் கரைந்து வினைலுக்கு உள்ளேயே இறங்கியிருப்பதால், வெளிர்நிறப் பெயிண்டுக்கு மேலும் அது ஊறி வர வாய்ப்பு உண்டு.

சோப்பு வேலை முடிந்து காய்ந்தபின், பஞ்சிழை உதிராத துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். ஒரு துணியால் ஈரமாகத் துடைத்ததும் இன்னொரு காய்ந்த துணியால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும், இல்லையேல் கரைந்த அழுக்கு அதே இடத்தில் மீண்டும் படியும். அசிட்டோனையும் லாக்கர் தின்னரையும் தொட வேண்டாம். அவை மென்மையூட்டியைக் கரைத்து மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கி, பிறகு விறைக்கச் செய்யும். முன்பு யாரேனும் சிலிகான் கலந்த பாலிஷ் போட்டிருந்தால், பெயிண்ட் வட்ட வட்டமாக விலகிப் பள்ளம் விழும். அந்த நிலையில் மெழுகும் கிரீஸும் நீக்கும் திரவத்தைப் பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடைக்க வேண்டும். முடிவில் சிறிது தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது சீரான மெல்லிய படலமாக வழிந்தால் பரப்பு தயார். எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

பிறகு 320 அல்லது 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு மறையும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். வரிப்பள்ளங்களுக்கு நைலான் தேய்ப்புத் துணி வசதியானது. மென்மையான பிளாஸ்டிக்கில் அழுத்தித் தேய்த்தால் இழை இழையாகப் பிசிறு எழும். அதைப் பார்த்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தேய்த்த தூள் தண்ணீரில் விழாதபடி கீழே விரிப்பு போட்டு, மீண்டும் ஆல்கஹால் கொண்டு துடையுங்கள். சுற்றியுள்ள ஜெல்கோட்டை (படகு உடலின் பளபளப்பான வெளிப்பூச்சை) மாஸ்கிங் டேப்பால் மறைப்பதோடு, அக்ரிலிக் ஜன்னல்களை முழுவதும் மூடிவிடுங்கள். வினைல் ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் துளிகள் அக்ரிலிக்கில் படிந்தால் நுண்விரிசல்கள் உண்டாகும்.

பிவிசி பாகங்களுக்கு வினைலுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஸ்பிரே பெயிண்ட் ஏற்றது. அதன் கரைப்பான் மேற்பரப்பைச் சற்றே இளக்கி உள்ளே பிடித்துக்கொள்வதால், பாகம் வளையும்போது பெயிண்டும் கூடவே வளையும். கூடுதல் உறுதி தேவைப்படும் உராய்வுப் பட்டைக்கு, நெகிழ்வு தரும் கலவை சேர்த்த இரு கூறு பாலியூரித்தேனைப் பூசலாம். ஆனால் அதன் ஹார்ட்னரில் (இறுகச் செய்யும் கூறில்) ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் கேடு தரும் வேதிப்பொருள் இருப்பதால், தகுந்த சுவாசக் கருவி இல்லாதவர்கள் அதை ஸ்பிரே செய்யக் கூடாது. பிரஷால் பூசினாலும் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டிலும் எதுவும் எளிதில் ஒட்டாது. அவற்றுக்கென்று உள்ள ஒட்டுதல் பிரைமரை முதலில் மெல்லியதாக அடிக்கலாம் என்றாலும், அடிக்கடி உரசும் இடத்தில் அதுவும் நீண்ட நாள் நிற்காது என்பதே என் கணிப்பு. இவ்விரு பிளாஸ்டிக்கில் ஆன கறுப்பு நிறப் பாகமானால் ஹீட்கன்னின் வெப்பக் காற்றை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே காட்டினால் வெளுப்பு மறைந்து கருமை திரும்பும். பலன் தற்காலிகமானதுதான், பரப்பு மினுங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். மோதலைத் தாங்கப் படகின் பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபெண்டர்களுக்குப் பெயிண்டே வேண்டாம். அது உரிந்து பக்கத்துப் படகின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வெள்ளையாக இருந்ததைக் கறுப்பாக்குவதைத் தவிர்ப்பது நல்லது. கரு நிறம் வெயிலில் அதிகம் சூடேறுவதால் வினைல் கூடுதலாக விரிந்து சுருங்கும், மென்மையூட்டியும் வேகமாக வெளியேறும். முழுப் பட்டையில் கை வைக்கும் முன், வெட்டி எடுத்த ஒரு துண்டில் அதே முறையில் பூசிச் சில நாள் காய விடுங்கள். இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பிறகு மேலே ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து, எடை ஏற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டால் மென்மையூட்டி மேலே வந்து பெயிண்டை இளக்குகிறது. அந்தப் பெயிண்ட் உங்கள் பாகத்துக்குப் பொருந்தவில்லை.

பூசுவதற்கு வெயில் நேரடியாக விழாத, காற்று அதிகம் வீசாத, ஈரப்பதம் குறைந்த நேரம் ஏற்றது. பரப்பின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து பூச்சு பால்போல் வெளுக்கும். பட்டையைக் கழற்றித் தரையில் நேராகப் போட்டுப் பூசிவிட்டுப் பிறகு படகில் வளைத்துப் பொருத்தினால், புதுப் பூச்சு முதல் நாளே இழுபடும். ஆகவே படகில் இருக்கும் வளைவிலேயே அதை வைத்துப் பூசுங்கள். சுமார் 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, கையை ஒரே வேகத்தில் நகர்த்தி, அடிப்பரப்பு மங்கலாகத் தெரியும்படி முதல் பூச்சை இடுங்கள். அடுத்தடுத்த பூச்சுகளுக்கான இடைவெளியை டப்பாவில் உள்ளபடி கடைப்பிடித்து, மெல்லிய மூன்று பூச்சுகளில் முடிப்பது நல்லது. தடிமனான ஒரே பூச்சில் கரைப்பான் அடியில் சிக்கிக்கொண்டு வினைலைத் தேவைக்கு மேல் இளக்கிவிடும்.

கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், அது படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். உள்ளறை மூடிகளை இறுக்கி அடைத்து, பேட்டரி சுவிட்சை அணைத்து, அடுப்பையும் பைலட் சுடரையும் நிறுத்தியபின் வேலையைத் தொடங்குங்கள்.

டேப்பைக் கடைசிப் பூச்சு முழுவதும் இறுகும் முன்பே, பரப்போடு ஒட்டிச் சாய்வாக மெதுவாக உரித்தெடுக்க வேண்டும். தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் முழுமையாக இறுகப் பூச்சுக்கு ஒரு வாரம் வரை ஆகலாம். அதுவரை கயிறும் ஃபெண்டரும் பட்டையில் உரசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் தவிர வேறெதுவும் தேவையில்லை. சிலிகான் பாலிஷ் போட்டுவிட்டால் உரசிப்போன இடத்தை அடுத்த பருவத்தில் தொட்டுப் பூசும்போது பெயிண்ட் பிடிக்காது.