சோர்ந்த ஆண்டுக்கு ஒரு சின்ன நோட்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். 2021-இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் நின்றபின், ஆசிரியரே வகுப்பில் பார்த்துப் பதியும் வகுப்புசார் மதிப்பீடு வந்தது. பதிவு வேலை தீருவதில்லை. போன வருஷம் ரொம்பவே துவண்டேன். கைகொடுத்தது ஒரு சின்ன நோட்டு.

கடைசி மணி அடித்ததும் ஒரே வரி எழுதுங்கள்: இன்று எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது? மதிப்பெண் வேண்டாம், கண்ணால் பார்த்தது போதும். ‘எழுத்துக் கூட்டிப் படிப்பவன் இன்று “பால்மரம்” என்று ஒரே மூச்சில் வாசித்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.’

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றிவிட்டு, அந்த வார வரிகளை வாசிப்பேன். அப்புறம் அந்தப் பிள்ளைகளின் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வேன். அம்மா கூடவே இருக்கிறாள் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் திரும்பி வந்தது.

எழுத எதுவும் தோன்றாத நாளில் தேதியை மட்டுமாவது போட்டுவிடுங்கள்.