இயற்பியல் கணக்கில் எண்களைக் கடைசியில் போடுங்கள்

கல்லூரி முதலாண்டு இயற்பியல் கணக்குகளில் எண்களை உடனே போடாதீர்கள். விடைக்கான சூத்திரம் கிடைக்கும்வரை எழுத்துகளிலேயே போங்கள். எண்களைக் கடைசி வரியில் ஒரே ஒரு முறை போட்டால் போதும்.

கப்பியின் இரு பக்கமும் 3 கிலோவும் 2 கிலோவும் தொங்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். கயிறும் கப்பியும் எடையற்றவை, உராய்வு இல்லை. நிறைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் நிறைகளின் முடுக்கம் வரும். எண் போடும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். இரண்டு நிறையும் சமமானால்? சுழியம் வருகிறது, சரி. ஒன்றை எடுத்துவிட்டால்? மற்றது தடையில்லாமல் விழுகிறது, அதுவும் சரி. அப்புறம் 9.8-ஐப் போட்டால் வினாடிக்கு வினாடி 1.96 மீட்டர். வகுத்தலைத் தலைகீழாக எழுதியிருந்தால் சமநிறைச் சோதனையிலேயே சுழியத்தால் வகுக்க வேண்டி வந்து பிழை தெரிந்திருக்கும். வெறும் எண்களின் நடுவே அதைத் தேடுவது பெரும்பாடு. இடையிடையே தசமங்களை முழுமைப்படுத்துவதால் வரும் சிறு பிழைகளும் இருக்காது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சாய்தளக் கணக்குகளில் நிறை தானாகவே அடிபட்டுப் போவதுதான். கொடுக்காத நிறையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மூன்று நான்கு கண்ணிகள் (மூடிய வளையங்கள்) உள்ள மின்சுற்றுக் கணக்குகளுக்கு இது ஒத்துவராது. அங்கே எழுத்துகள் பக்கம் பக்கமாக நீளும். மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் கிர்க்காஃப் சமன்பாடுகளை எழுதியதும் எண்களைப் போட்டுவிடுங்கள்.