சும்மா விட்டாலும் வளரும் கேமில் நாம் செய்யும் தவறுகள்

ஐடில் வகை (நாம் ஆடாதபோதும் காசு சேர்ந்துகொண்டே இருக்கும்) லைஃப் சிமுலேஷன் கேமைப் புதிதாக இறக்கியவரின் விரலைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். திரையைத் தட்டிக்கொண்டே இருப்பார். கதாபாத்திரம் ஒரு சின்ன அறையில், கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு காயின் விழும். அந்தத் தட்டலுக்கு மதிப்பு முதல் சில நிமிடங்களுக்குத்தான். அப்புறம் காசு எவ்வளவு வேகமாகச் சேரும் என்பதை, எதை எப்போது வாங்கினோம் என்பதே முடிவு செய்கிறது. இந்த வகைக்கு முன்னோடியான புராக்ரஸ் குவெஸ்டில் (2002) கதாபாத்திரத்தை உருவாக்கியதோடு நம் வேலை முடிந்துவிடும். மீதியை அதுவே ஆடிக்கொள்ளும். 2013-இல் வந்த குக்கி கிளிக்கரும் தட்டலில் தொடங்கி, தட்டவே தேவையில்லாத இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகும். போனில் இன்று ஆடும் ஐடில் லைஃப் கேம்கள் அதே கணக்கின் மேல் வேலை, வீடு, படிப்பு என்று ஒரு வாழ்க்கையைப் போர்த்தியவை. கணக்கு பிடிபட்டால் கேம் பல மடங்கு இனிக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கும் வரிசையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். காசு சேர்ந்ததும் கண்ணில் படும் மலிவான அப்கிரேடை வாங்கிவிடுவது ஒரு பழக்கம். பெரியதைத்தான் வாங்குவேன் என்று காசை முடக்கி வைத்துக் காத்திருப்பது இன்னொரு பழக்கம். இரண்டிலும் நஷ்டம் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் கதாபாத்திரம் விநாடிக்கு 10 காயின் சம்பாதிக்கிறது. கடையில் மூன்று பொருள்கள். சைக்கிள் 600 காயின், வருமானம் விநாடிக்கு 1 கூடும். மாலை நேரப் படிப்பு 2,000 காயின், 10 கூடும். சொந்தக் கடை 12,000 காயின், 80 கூடும். விலையைக் கூடுதல் வருமானத்தால் வகுத்தால் போட்ட காசு திரும்பிவர எத்தனை விநாடி என்று தெரியும்: சைக்கிளுக்கு 600, படிப்புக்கு 200, கடைக்கு 150. அப்படியானால் கடைதானே சிறந்தது? இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். 12,000 சேர்க்க 1,200 விநாடி காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் விலையில் சேர்த்திதான். விலையை இப்போதைய வருமானத்தாலும் வகுத்து, முன்பு வந்த விடையோடு கூட்டுங்கள். சைக்கிள் 660, படிப்பு 400, கடை 1,350. எது குறைவோ அதை முதலில் வாங்க வேண்டும்.

படிப்பை முதலில் வாங்கினால் 200-ஆவது விநாடியில் வருமானம் 20 ஆகிவிடும். அதிலிருந்து 600 விநாடியில் கடை வந்துவிடும். ஆக 800 விநாடியில் இரண்டும் கையில். நேரே கடைக்குக் காசு சேர்த்திருந்தால் 1,200 விநாடி கழித்துக் கடை மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு முறை போட்டுப் பார்த்தால் கண்ணே சொல்லிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, பிடித்துப்போன ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வாங்குவது. குக்கி கிளிக்கரில் ஒவ்வொரு கட்டடத்தையும் வாங்க வாங்க அதன் விலை 15 சதவீதம் ஏறும். மற்ற பல கேம்களிலும் இதைப் போன்ற ஏற்றம்தான். 15 சதவீதம் சின்னதாகத் தெரியும். 100 காயினில் தொடங்கும் பொருளை 20 முறை வாங்கியபின் அடுத்ததன் விலை சுமார் 1,637. 50 முறை வாங்கியபின் 1,08,000-ஐத் தாண்டிவிடும். அது தருவது அப்போதும் விநாடிக்கு ஒரே காயின் என்றால், போட்ட காசு திரும்ப 30 மணி நேரம் ஆகும். ஒரு விதிவிலக்கு உண்டு. அட்வென்ச்சர் கேபிடலிஸ்ட் போன்ற கேம்களில் ஒரு தொழிலை 25, 50, 100 என்று குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கொண்டுபோனால் வேகம் இரட்டிப்பாகும். 22-இல் நிற்கிறீர்கள் என்றால் விலை கசந்தாலும் இன்னும் மூன்றை வாங்கிவிடுவது பெரும்பாலும் லாபம்.

சரி, ஆடாத நேரத்துக்கு வருவோம். கேம் வளர வேண்டும் என்று போனை அணைக்காமல், திரை எரிய எரிய மேசையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஃப்லைன் வருமானம், அதாவது மூடியிருந்த நேரத்துக்கும் காசு, தரும் கேமில் இதற்கு அவசியமே இல்லை. அது பின்னணியில் ஓடுவதில்லை. நீங்கள் மூடிய நேரத்தைக் குறித்துவைத்து, திறக்கும்போது இடைவெளியைப் பார்த்து வருமானத்தால் பெருக்கிக் கொடுக்கிறது. திரையைப் போட்டு வைத்தால் பேட்டரிதான் தேயும். ஓஎல்இடி திரையில் அசையாத படம் நாளடைவில் தழும்பாகவும் பதியலாம். பார்க்க வேண்டியது ஆஃப்லைன் வரம்பு, அதாவது மூடியிருக்கும்போது அதிகபட்சம் எத்தனை மணி நேரத்துக்குக் காசு சேரும் என்பது. வரம்பு 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரம் தூங்கி எழுந்தால் 6 மணி நேர வருமானம் போச்சு. அந்த வரம்பை உயர்த்தும் அப்கிரேடு கவர்ச்சியாக இருக்காது, உடனே எண்ணும் ஏறாது, அதனால் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். நான் எந்தக் கேமைத் தொடங்கினாலும் முதலில் தேடுவது அதைத்தான்.

போன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்து வருமானம் எடுக்கும் குறுக்கு வழியை விட்டுவிடுங்கள். பல கேம்கள் போனின் நேரத்தை அல்ல, தங்கள் சர்வரின் நேரத்தைத்தான் பார்க்கின்றன. பார்க்காத கேமிலும், கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பியதும் கேம் ‘எதிர்காலத்தில்’ மாட்டிக்கொண்டு, உண்மையான நேரம் அதை எட்டும்வரை எதுவும் தராமல் உறைந்து நிற்கலாம்.

மறுபிறவி, அதாவது பிரெஸ்டீஜ், பலரைப் பயமுறுத்தும். கட்டிய வீடு, ஏறிய பதவி எல்லாம் போய், நிரந்தர போனஸோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனசு வராமல் பலர் நாள்கணக்கில் இழுப்பார்கள். எனக்கும் முதல் கேமில் அப்படித்தான் இருந்தது. என் கதாபாத்திரத்தின் மாடி வீட்டை விட மனமில்லாமல் இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றேன். இழுப்பதில் பயன் குறைவு என்பதற்குக் காரணம் போனஸின் கணக்கிலேயே இருக்கிறது. குக்கி கிளிக்கரில் மொத்தச் சம்பாத்தியத்தின் கனமூலத்தை ஒட்டித்தான் பிரெஸ்டீஜ் லெவல் ஏறும். லெவலை இரட்டிப்பாக்க 8 மடங்கு சம்பாதிக்க வேண்டும். வர்க்கமூலம் பார்க்கும் கேமில் 4 மடங்கு. மறுபிறவி எடுத்தால் நிரந்தர போனஸ் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றால் தயங்காமல் எடுத்துவிடலாம் என்பது என் அளவுகோல். ஐந்து பத்து சதவீதத்துக்காக எடுப்பதும் தவறுதான், ஏறிய ஏணியை வெறுமனே மறுபடி ஏறுவதாகிவிடும்.

எல்லா லைஃப் கேமும் ஐடில் கேம் ஆகிவிடாது. 2018-இல் வந்த பிட்லைஃபில் ஒரு பொத்தானைத் தட்டினால் ஒரு வயது கூடும். சும்மா விட்டால் ஒன்றும் நடக்காது. ஐடில் கேம் பழக்கத்தில் அந்தப் பொத்தானைப் படபடவென்று தட்டி 40 வயதுக்குப் போய், ஏன் நல்ல வேலை கிடைக்கவில்லை என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சி, உடல்நலம், அறிவு, தோற்றம் என்று அதில் நான்கு பட்டைகள் இருக்கும். ஒரே வயதில் நின்றபடி நூலகம், உடற்பயிற்சி, மருத்துவர் என்று போய்வரலாம். அதற்கெல்லாம் வயது கூடாது. பள்ளிப் பருவத்திலேயே அறிவுப் பட்டையைக் கவனித்தால்தான் பிறகு படிப்பும் வேலையும் எளிதாகும்.

விளம்பரம் பற்றி ஒரு வார்த்தை. பார்த்தால் வருமானத்தை இரட்டிப்பாக்கும் விளம்பரத்தை இரவு முழுக்கச் சேர்ந்த வருமானத்தை எடுக்கும்போது பாருங்கள், ஐந்து நிமிட வருமானத்துக்காகப் பார்க்காதீர்கள். காயினைவிட அரிதாகக் கிடைக்கும் ஜெம்களைக் காத்திருப்பைக் குறைக்கச் செலவழித்தால் அடுத்த நொடியே மறந்துவிடும். வருமானத்தை எப்போதும் பெருக்கித் தரும் நிரந்தரப் பெருக்கிக்குப் போட்டால் கடைசிவரை உழைக்கும்.

மனதைப் புண்படுத்தும் தவறு சேமிப்பில் நடப்பது. போன் மாற்றியபோது ஏழு மாத ஆட்டத்தை இழந்திருக்கிறேன். கணக்கோடு இணைக்கும் பொத்தான் அமைப்புகளில் இருந்தது, நான்தான் தொடவில்லை. ஆண்ட்ராய்டில் இடம் போதவில்லை என்று செயலியின் ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போனால் இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கும். கேஷை (cache, தற்காலிகக் கோப்புகள்) அழித்தால் பொதுவாகச் சேமிப்புக்கு ஒன்றும் ஆகாது. டேட்டாவை அழித்தால் போனிலிருக்கும் ஆட்டம் மொத்தமும் போய்விடும். புதுப் போனில் உள்நுழையும்போது ‘இந்தப் போனில் உள்ளதா, கிளவுடில் உள்ளதா’ என்று கேட்டால் லெவலையும் தேதியையும் படித்துவிட்டுத் தட்டுங்கள். அவசரத்தில் புது ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பழையது அழிக்கப்படலாம்.

ஒரு கட்டத்தில் அடுத்த அப்கிரேடுக்கு மூன்று நாள், அதற்கடுத்ததற்கு ஒரு வாரம் என்று ஆகி, தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது. அதுதான் அந்தக் கேமின் முடிவு, யாரும் அதை அறிவிக்க மாட்டார்கள். நீக்குவதற்கு முன் ஆட்டம் கிளவுடில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சந்தா எடுத்திருந்தால் பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ சந்தாப் பக்கத்துக்குப் போய் முதலில் அதை ரத்து செய்யுங்கள். செயலியை நீக்கினால் சந்தா தானாக நிற்காது, காசு போய்க்கொண்டே இருக்கும்.