குதிரைக்குத் தாகம் எடுக்கட்டும்: சிறுவர்களுக்கான வரலாற்றுக் குதிரை நாவல் எழுதத் தொடங்குவது எப்படி

நான் முதன்முதலாக எழுதிய குதிரைக் கதையில் நாயகன் விடியற்காலையில் கிளம்புவான். இருட்டும்வரை நாலுகால் பாய்ச்சலில் போய், எதிரியின் கோட்டை வாசலில் குதித்து இறங்குவான். எழுதி முடித்த பெருமையில் அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு 11 வயது. ஒரே மூச்சில் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமா, அந்தக் குதிரை எப்ப தண்ணி குடிச்சுது?"

என்னிடம் பதில் இல்லை. நான் எழுதியிருந்தது குதிரையே இல்லை, வால் முளைத்த மோட்டார் சைக்கிள். அதுவும் பெட்ரோல் போடாமலே ஓடிய வண்டி.

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. குதிரையால் எது முடியாதோ, அங்கேதான் கதை கிடக்கிறது. கீழே இருக்கிற படிகள் எல்லாமே அதிலிருந்து கிளைத்தவைதான்.

1. ராஜாவை விடுங்கள், வேலையைத் தேடுங்கள்

வரலாறு என்றதும் மனசு போருக்கும் முடிசூட்டு விழாவுக்கும் ஓடும். அங்கே 13 வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை? ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, குதிரைகள் எந்தக் காலத்தில் என்னென்ன வேலை செய்தன என்று பாருங்கள். குதிரை இருந்த இடத்தில் தண்ணீர் காட்டவும் லாயம் பெருக்கவும் ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும். உங்கள் நாயகனோ நாயகியோ அங்கேதான் நிற்கிறார்.

13ஆம் நூற்றாண்டு மங்கோலியர்கள், குதிரை மாற்றி மாற்றிச் செய்தி அனுப்பும் 'யாம்' நிலையங்களை நடத்தினார்கள். 1519இல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் 16 குதிரைகளோடு மெக்சிகோவில் இறங்கினார். அங்கிருந்த பிள்ளைகள் அதுவரை குதிரையைப் பார்த்ததே இல்லை. 1914இல் பிரிட்டிஷ் ராணுவம் பண்ணைக் குதிரைகளைப் போருக்கு ஓட்டிப் போனது. லாயத்தில் காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை நின்றிருக்கும்.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்காவின் போனி எக்ஸ்பிரஸ் தபால் சேவை. 1860 ஏப்ரலில் தொடங்கியது. மிசௌரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ வரை ஏறக்குறைய 3,000 கி.மீ.; அதைச் சுமார் 10 நாளில் கடக்க வேண்டும். 1861 அக்டோபரில் தந்திக் கம்பி நாட்டின் இரு முனைகளையும் இணைத்தது, சேவையை மூடிவிட்டார்கள். நாவலுக்குத் தொடக்கமும் முடிவும் வரலாறே போட்டுக் கொடுத்துவிட்டது. புதிதாக எழுதுபவருக்கு இது பெரிய உதவி.

2. காலத்துக்கு ஒரு வேலி போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, நீங்கள் தேர்ந்த காலத்தில் 'இல்லாதவை' என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். 'இருந்தவை' பட்டியலைவிட இது நிறையப் பிழைகளைத் தடுக்கும். அலெக்சாண்டரின் வீரர்களுக்கு அங்கவடி (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கிற வளையம்) கிடையாது. "அங்கவடியில் எழுந்து நின்று ஈட்டியை எறிந்தான்" என்று எழுதினால் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே குதிரை அழிந்துபோனது. ஸ்பானியர்கள்தான் மறுபடி கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய கதை என்றால் அங்கே குதிரையே வரக்கூடாது.

3. குதிரையின் உடம்பைப் படியுங்கள்

இதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். அரசர்களின் வம்சாவளியை ஒரு மாலையில் படித்துவிடலாம். குதிரைக்கு ஒரு மாதமாவது கொடுங்கள். முடிந்தால் ஒரு லாயத்துக்குப் போய், சும்மா நின்று பாருங்கள்.

வேகத்திலிருந்து தொடங்கலாம். சாதாரண நடையில் குதிரை மணிக்கு 6, 7 கி.மீ. போகும். முழுப் பாய்ச்சலில் 40ஐத் தாண்டும், ஆனால் சில கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கிவிடும். நாளெல்லாம் பாய்ந்து ஓடும் குதிரை சினிமாவில் மட்டும்தான் உண்டு. ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். வெயிலும் வேலையும் கூடினால் இன்னும் அதிகம்.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். தெரியாதவை இரண்டே இடம்: மூக்குக்கு நேர் கீழே, வாலுக்கு நேர் பின்னே. சத்தமில்லாமல் பின்னால் வருபவனுக்கு உதை விழுவது இதனால்தான். இருட்டில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழக நேரமாகும். பட்டப்பகலில் துரத்தல், எதிரே குகை, குதிரை வாசலில் காலை ஊன்றி நின்றுவிடுகிறது. அது கோழைத்தனம் இல்லை, கண் இன்னும் பழகவில்லை. நாயகி இறங்கி, முன்னால் நடந்து, அழைத்துப் போக வேண்டும். பார்த்தீர்களா, ஒரு காட்சி தானாகவே வந்துவிட்டது.

இன்னொன்று: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் நமக்குச் சாதாரணமாகப் படும் வயிற்றுவலி, அதற்கு உயிருக்கே ஆபத்தாகலாம். திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கும், முன்காலால் தரையைக் கீறும், படுத்துப் புரளும். விஷம் வைத்த வில்லனைவிட, ராத்திரி முழுக்க இப்படிப் புரளும் ஒரு குதிரை வாசகரைக் கலங்க வைக்கும்.

4. முடியாததிலிருந்து முடிச்சு

சரி, போனி எக்ஸ்பிரஸுக்கு வருவோம். 15 முதல் 25 கி.மீ. தூரத்துக்கு ஒரு நிலையம். தபால்காரர் வந்ததும் குதிரையை மாற்றுவார்கள். கடிதங்கள் இருப்பது 'மொச்சிலா' என்ற தோல் விரிப்பில். அதில் நான்கு பைகள். அதைச் சேணத்தின் மேல் போட்டு ஆள் உட்கார்ந்துவிட்டால் அந்த எடையே பிடிப்பு. பழைய குதிரையிலிருந்து உருவிப் புதிய குதிரை மேல் போட இரண்டே நிமிடம்.

இப்போது நம் பையன் ஒரு நிலையத்தில் லாயம் பார்க்கிறான். தபால்காரர் கை முறிந்து வந்து விழுகிறார். லாயத்தில் மிச்சமிருப்பது சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்றுதான், பெயர் புகை. அது நேற்றிலிருந்து முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. அடுத்த நிலையம் 20 கி.மீ. நல்ல குதிரை என்றால் ஒன்றேகால் மணி நேரம். இதை நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும்: மூன்று மணி நேரத்துக்கு மேல். பொழுது சாய இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது.

வில்லனே வரவில்லை. அதற்குள் கதை ஓட ஆரம்பித்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. அந்த வழி யாருமில்லாத நிலம் அல்ல. 1860 மேயில் நெவாடாவில் பையூட் என்ற பூர்வகுடி மக்களோடு போர் மூண்டு, தபால் சில வாரம் தடைப்பட்டது. நிலையங்கள் முளைத்தது அவர்கள் வாழ்ந்த நிலத்தில்தான். 'காட்டுமிராண்டிகள் தாக்கினார்கள்' என்று பழைய சாகசக் கதைகளின் தடத்தில் எழுதிவிடாதீர்கள். புகை தண்ணீர் குடிக்க இறங்கும் ஓடை யாருடையது என்று பையன் ஒரு தடவையாவது யோசிக்கட்டும்.

5. குதிரையைப் பேச வைக்காதீர்கள்

என் பழைய கதையில் இப்படி ஒரு வரி இருந்தது: "ஆபத்தை உணர்ந்த குதிரை கம்பீரமாகக் கனைத்தது; அதன் கண்களில் வீரம் மின்னியது." ஆபத்தை முகர்ந்த குதிரை பெரும்பாலும் கனைக்காது, உறைந்து நிற்கும். கண்ணில் வீரம் எப்படி மின்னும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஓடைக்கரையில் புகை நின்றுவிட்டாள். குதிகாலால் மெல்லத் தட்டினான், அசையவில்லை. இரண்டு காதுகளும் எதிர்க்கரைப் புதரை நோக்கி விறைத்து நின்றன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவன் முழங்கால்களுக்குத் தெரிந்தது."

புதரில் என்ன இருக்கிறது என்று சொல்லவே இல்லை. காது, மூச்சு, தோல் சிலிர்ப்பு, வால். இவை போதும். காதுகள் பின்னுக்கு மடிந்து ஒட்டிக்கொண்டால் கோபம். பக்கவாட்டில் தளர்ந்து, ஒரு பின்னங்கால் மடங்கி நின்றால் ஓய்வு. இந்த அகராதியை முதல் மூன்று அத்தியாயத்தில் வாசகருக்குப் பழக்கிவிடுங்கள். அப்புறம் காதை மட்டும் காட்டினாலே அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

6. சாவைப் பற்றி

குதிரையைச் சாகடித்தால் பிள்ளைகள் அழுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறுக்கு வழி. அழவைப்பதற்காக மட்டும் சாகடிக்காதீர்கள். போர்க்களக் கதையில் சாவே இல்லாமல் எழுதுவதும் பொய்தான். அதனால் ஒன்று செய்யுங்கள்: சாவு வருமானால் அதற்குக் காரணம் மூன்றாம் படியில் படித்த உடம்பிலிருந்து வரட்டும், வாசகருக்கு முன்கூட்டியே லேசாகத் தெரிந்திருக்கட்டும்.

7. ஓரத்தில் பென்சில்

முதல் பிரதி முடிந்ததும் நடையை அழகுபடுத்த உட்காராதீர்கள். ஒவ்வொரு பக்க ஓரத்திலும் பென்சிலால் மூன்று விஷயம் குறியுங்கள்: மணி என்ன, எத்தனை கிலோமீட்டர் வந்தாயிற்று, கடைசியாகத் தண்ணீர் எங்கே. என் கோட்டை வாசல் கதையை அப்படிக் குறித்துப் பார்த்தேன். நாயகன் நான்காம் பக்கத்திலேயே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. அந்த நடையில் வழியில் சந்தித்த தண்ணீர் சுமக்கும் சிறுமிதான் இப்போது நாவலின் நாயகி. கோட்டை வாசல் இன்னும் வரவில்லை.