'போல' வந்தாலே உவமையா?

"அவன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்." இதில் என்ன அணி என்று கேட்டால் பாளையங்கோட்டைப் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் 'உருவகம்' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது மரபுத்தொடர். ஏமாற்றினான் என்பதற்கு எல்லோர் வாயிலும் பழகிப்போன பேச்சு. அல்வா எதற்கு உருவகம் என்று பிரித்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது.

பெரிய தொல்லை 'போல'தான். கண்டதும் உவமை என்று அடிக்கோடு போட்டுவிடுகிறோம். "பொதிகை மேல கருத்திருக்கு, மழை வரும் போல" என்பதில் எதை எதோடு ஒப்பிட்டோம்? வெறும் ஊகம். 'போல' மாதிரி ஒப்பிட்டுக் காட்டும் உருபே இல்லாமலும் உவமை வரும். முதல் குறளில் எழுத்துக்கு அகரம் முதல் என்பது ஒரு தொடர், உலகுக்கு ஆதிபகவன் முதல் என்பது இன்னொரு தொடர். நடுவே 'அதுபோல' மறைந்திருக்கிறது. அதனால்தான் அது எடுத்துக்காட்டு உவமையணி. 'உவமையணி' என்று மட்டும் எழுதி மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறைய.

உவமைத்தொகையும் உருவகமும் குழம்புகிற இடம் சொல் வரிசை. மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை. முகமலர் என்றால் முகமாகிய மலர், உருவகம். சந்தேகம் வந்தால் வினையைப் பாருங்கள். 'மலர்முகம் சிரித்தது': சிரிப்பது முகத்தின் வேலை. 'முகமலர் இதழ் விரித்தது': இதழ் விரிப்பது மலரின் வேலை. எது முன்னே எது பின்னே என்று மனப்பாடம் செய்வதைவிட இது எளிது.

மரம் பேசியது, ஆறு சிரித்தது என்றதுமே தற்குறிப்பேற்றம் என்று எழுதுவது இன்னொரு அவசரம். தாமிரபரணிக் கரையில் மருதமரக் கிளை காற்றில் ஆடுகிறது. இது இயல்பாக நடப்பது. 'கடலுக்குப் போகாதே' என்று ஆற்றை மறித்துக் கை காட்டுகிறது என்று கவிஞர் தன் குறிப்பை அதன்மேல் ஏற்றினால்தான் அந்த அணி. இயல்பான நிகழ்ச்சி, ஏற்றிய காரணம், இரண்டும் இருக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆனித் தேரோட்டத்துக்கு 'நெல்லையே திரண்டது' என்கிறோம். நெல்லை என்ற ஊர்ப்பெயர் அங்கே மக்களைக் குறிக்கிறது. அது இடவாகுபெயர், அணி அல்ல. ஒருவர் விடாமல் வந்தது போல அந்த 'ஏ' மிகைப்படுத்துகிறதே, அது உயர்வு நவிற்சி. ஒரே தொடரில் இரண்டும் இருக்கிறது. சரி, எதை எழுதுவது? வினாத்தாளில் 'இலக்கணக்குறிப்பு' என்றிருக்கிறதா, 'அணி' என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.