டயர் பஞ்சரானால் சக்கரத்தை நாமே பத்திரமாக மாற்றுவது எப்படி?

என் அக்கா மகள் அண்மையில்தான் கார் ஓட்டும் உரிமம் எடுத்தாள். கண்ணாடியில் புதிய ஓட்டுநருக்கான 'பி' வில்லையை ஒட்டிக்கொண்டு, ஆயர் ஈத்தாமிலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறாள். ஒருநாள், "மாமா, வழியில் டயர் பஞ்சரானால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், பஞ்சராகாத நல்ல சக்கரத்தையே கழற்றி மாட்டச் சொன்னேன். முதல் முறை ஐம்பது நிமிடம் ஆனது. இரண்டாவது முறை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டாள். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். சமதரையில், பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாத ஒரு நாளில் ஒருமுறை பழகிப் பாருங்கள். நட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் யாருக்கும் வரக்கூடிய வேலை. ஆபத்து அந்த வேலையில் இல்லை. எந்த இடத்தில் வண்டியை நிறுத்தி அதைச் செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதனால் இடத்தைப் பற்றியே முதலில் சொல்கிறேன்.

எங்கே நிறுத்துவது

ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று இறங்கினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், தடதடவென்று சத்தம் வரும். பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு இடப்பக்கம் ஒதுங்குங்கள். அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகவே நகர்ந்து, பாதுகாப்பான இடம் வரை போங்கள். எண்ணெய் நிலையம், கடை வாசல், பக்கத்துச் சிறு சாலை எதுவானாலும் சரி. காற்றில்லாமல் சில நூறு மீட்டர் உருட்டினால் டயர் பாழாகும், ரிம்மும் நெளியலாம். நெளியட்டும். ரிம்மைக் காப்பாற்றுவதற்காக வளைவில் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. பாலிக் பூலாவ் மலைச் சாலையில் எதிரே வருகிறவருக்கு நீங்கள் இருப்பது வளைவு திரும்பிய பிறகுதான் தெரியும்.

நெடுஞ்சாலைக்கு வேறு கணக்கு. நம் மலேசியாவில் அங்கே உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. ஐம்பது மீட்டர் தூரத்தில் உங்களைப் பார்க்கிறவருக்கு இரண்டு நொடிகூட இல்லை. அவசரத் தடத்தில் நிற்பதால் நாம் தப்பித்துவிட்டோம் என்று எண்ணவும் முடியாது. மோட்டார் சைக்கிள்கள் அதே தடத்தில்தான் வருகின்றன, லாரிகளும் சில நேரம் ஒதுங்குகின்றன.

அதனால் நெடுஞ்சாலையில் என் அறிவுரை ஒன்றுதான்: ஜாக்கியை எடுக்காதீர்கள். இடப்பக்கக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால், காருக்குச் சற்றுப் பின்புறமாகத் தள்ளி நில்லுங்கள். காருக்கு முன்னால் நின்றால், பின்னாலிருந்து யாராவது மோதும்போது அது உங்கள் மேல்தான் வரும். பிறகு பிளஸ் நெடுஞ்சாலையின் உதவி எண்ணான 1800-88-0000-ஐ அழையுங்கள். இந்த எண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்துவைப்பது நல்லது. ஆபத்தான இடத்தில் சிக்கியிருந்தால் அவசர எண்ணான 999-ஐ அழையுங்கள். வலப்பக்கச் சக்கரம் பஞ்சராகியிருந்தால் இதில் விவாதத்துக்கே இடமில்லை. அந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்தால் உங்கள் முதுகு ஓடும் வண்டிகளின் பக்கம் இருக்கும். பாலத்தின் மேலும் அப்படித்தான். அங்கே ஒதுங்க இடமில்லை, இடப்பக்கம் மோட்டார் சைக்கிள்கள் வந்தபடியே இருக்கும்.

அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் காப்புறுதியில் சாலை உதவி சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பலருக்கு அது இருக்கிறது, இருப்பது தெரியாது.

பூட்டில் என்ன இருக்க வேண்டும்

பூட்டின், அதாவது காரின் பின்பக்கச் சாமான் பெட்டியின், தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்பேர் டயர், ஜாக்கி, அதைச் சுழற்றும் கம்பி, நட்டைக் கழற்றும் ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை இருக்க வேண்டும். சில புதிய கார்களில் ஸ்பேர் டயரே இல்லை. அதற்குப் பதிலாக ஓட்டையடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு இயந்திரமும் வைத்திருப்பார்கள். உங்கள் கார் அந்த வகையா என்பது சாலையோரத்தில் தெரியவரக் கூடாது.

ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்பதை மாதம் ஒருமுறை பாருங்கள். மற்ற டயர்களைவிட மெலிந்திருந்தால் அது தற்காலிக டயர். அதற்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், மற்ற டயர்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். நான் ஒருமுறை இரவில், மழையில், சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் ஸ்பேரில் காற்று இல்லை என்று கண்டேன். மனைவியும் இரண்டு குழந்தைகளும் குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து நான் இதைத் தவறவிட்டதில்லை.

இவற்றோடு நீங்களே சேர்க்க வேண்டியவை சில உண்டு. கையுறை, டார்ச் விளக்கு, ஓர் அடி நீளமுள்ள தடித்த பலகை, மழைக்கோட்டு, ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கி. பிறகு முட்டுக்கட்டைகள் இரண்டு. பேச்சில் இந்தச் சொல்லை வேறு பொருளில் சொல்லிச் சொல்லி, அது சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டை என்பதையே மறந்துவிட்டோம். கிடைக்காவிட்டால் செங்கல் போதும்.

வண்டி உருளாமல் நிறுத்துதல்

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பாயா தெருபோங் போன்ற ஏற்றச் சாலையில் மாட்டிக்கொண்டால், கீழே சமதரை வரும்வரை மெல்ல உருட்டிக்கொண்டு போங்கள். சரிவில் ஜாக்கி போடக் கூடாது.

கைப்பிரேக்கை முழுக்க இழுங்கள். ஆட்டோ கியராக இருந்தால் 'பி'-யில் வையுங்கள். கையால் மாற்றும் கியராக இருந்தால் முதல் கியரிலோ ரிவர்ஸிலோ வையுங்கள். இரண்டையும் செய்ய வேண்டும். ஏன் என்று அக்கா மகள் கேட்டாள், நல்ல கேள்வி. மைவி, சாகா, ஆக்சியா போன்ற நம் சிறு கார்களில் இயந்திரம் முன்சக்கரங்களைத்தான் ஓட்டுகிறது. கியரும் அவற்றைத்தான் பிடிக்கும். கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும். முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையிலுள்ள மற்ற முன்சக்கரம் எதிர்ப்பக்கம் உருள முடியும். 'பி' அப்போது வண்டியைப் பிடிக்காது, கைப்பிரேக் மட்டுமே பிடிக்கும். பின்சக்கரத்தைத் தூக்கினால் கைப்பிரேக்கின் பலம் பாதியாகிவிடும், அப்போது கியர்தான் துணை. எதுவானாலும் முட்டுக்கட்டை வேண்டும். பஞ்சரான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்தின் முன்னும் பின்னும் அதைத் திணித்துவிடுங்கள். முன் இடது சக்கரம் பஞ்சரென்றால், பின் வலது சக்கரத்துக்கு.

எல்லோரும் காரிலிருந்து இறங்கிவிட வேண்டும். தூங்கும் குழந்தையாக இருந்தாலும் சரி. முக்கோணத்தைச் சாதாரணச் சாலையில் ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள், நடந்தால் ஏறக்குறைய எழுபது தப்படி. கொண்டுபோகும்போது அதை விரித்து, மார்புக்கு முன்னால், வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு நடங்கள்.

நட்டைத் தளர்த்துதல்

புதியவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இது. முதலில் வண்டியைத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கிய பிறகு நட்டைத் திருப்பினால் சக்கரமே சுற்றும், அதோடு நம் பலத்தில் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். சக்கரம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே எல்லா நட்டுகளையும் தளர்த்த வேண்டும்.

மூடி இருந்தால் எடுத்துவிட்டு, ஸ்பேனரை நட்டின் அடிவரை செருகுங்கள். பாதி செருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். ஸ்பேனரின் பிடி உங்களுக்கு இடப்பக்கமாக, தரைக்கு இணையாக நீட்டியிருக்கட்டும். அதைக் கீழ்நோக்கி அழுத்தினால் நட்டு இடஞ்சுழியாகத் திரும்பும். கையால் இழுப்பதைவிட, நேரே நின்று உடல் எடையால் அழுத்துவது நல்லது, முதுகும் பிழைக்கும். ஒவ்வொன்றையும் அரைச் சுற்று மட்டும். கழற்றிவிடாதீர்கள்.

எவ்வளவு அழுத்தியும் அசையவில்லையா? பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மேல் முறுக்கியிருப்பார்கள். எனக்கு ஒருமுறை இப்படி நேர்ந்து, ஒரு நட்டுக்காகவே இருபது நிமிடம் போராடினேன். பூட்டில் நீளமான பிடியுள்ள ஸ்பேனர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிடி நீள நீள, தேவைப்படும் பலம் குறையும். நட்டு 19 மில்லிமீட்டரா 21 மில்லிமீட்டரா என்று பார்த்து வாங்குங்கள்.

தூக்குதல்

ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும், வண்டி சாயும். கதவுக்கு அடியில் ஓடும் தகட்டு விளிம்பில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், இரண்டு சிறு வெட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவற்றுக்கு நடுவேதான் ஜாக்கியின் தலை பொருந்த வேண்டும். விரலால் தடவினாலே தெரியும். காருடன் வந்த கையேட்டில் படமும் இருக்கும்.

தரை மண்ணாகவோ, மழையில் ஊறிய புல்லாகவோ, வெயிலில் இளகிய தாராகவோ இருந்தால் ஜாக்கிக்குக் கீழே பலகையைப் போடுங்கள். கம்பியை வலஞ்சுழியாகச் சுழற்றி, ஜாக்கி நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே மெல்லத் தூக்குங்கள். சாய்ந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். சக்கரம் தரையிலிருந்து மூன்று விரல் உயர்ந்தால் போதும். காற்று நிறைந்த டயர் பெரிதாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது ஸ்பேர் டயரை எடுத்து, ஜாக்கிக்கு அருகே, காரின் அடியில் படுக்கவையுங்கள். ஜாக்கி நழுவினாலும் கார் அந்த டயரின்மேல் உட்காரும், உங்கள் கைமேல் உட்காராது. உடலின் எந்தப் பகுதியையும் காருக்கு அடியில் நுழைக்கக் கூடாது. உருண்டு போன நட்டை எடுப்பதற்காகக்கூட.

மாற்றுதல்

நட்டுகளைக் கழற்றி ஒரு துணியில் போட்டு வையுங்கள். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நேராக வெளியே இழுங்கள். கடற்காற்று வீசும் நம் ஊரில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது உண்டு. ஆத்திரத்தில் உதைக்க வேண்டாம், கார் ஜாக்கியில் நிற்கிறது. இரண்டு மூன்று புரி அளவு நட்டுகளை மீண்டும் மாட்டி, ஸ்பேரை அடியிலிருந்து எடுத்துவிட்டு, வண்டியை மெல்ல இறக்கி அதன் பாரத்தைச் சக்கரத்தின்மேல் விடுங்கள். பெரும்பாலும் அதிலேயே விட்டுக்கொள்ளும்.

சக்கரம் வந்துவிட்டால், ஸ்பேரை வெளியே எடுத்து, அதன் இடத்தில் பஞ்சரான சக்கரத்தைப் படுக்கவையுங்கள். ஸ்பேரின் துளைகளை போல்ட்டுகளோடு பொருத்தித் தள்ளுங்கள். கனமாக இருந்தால் உட்கார்ந்து பாதத்தின் மேல் டயரை வைத்து உயர்த்துங்கள். நட்டின் கூம்பிய பக்கம் சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். புரி சரியாக ஏறினால் தடையில்லாமல் போகும், இறுகினால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். போல்ட்டுக்கு எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். வழுக்கலில் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

அடியில் வைத்த சக்கரத்தை எடுத்துவிட்டு வண்டியை இறக்குங்கள். டயர் தரையைத் தொட்ட பிறகே ஸ்பேனரால் இறுக்க வேண்டும். வரிசையாகச் சுற்றி வராமல் எதிரெதிராக இறுக்குங்கள். நான்கு நட்டு என்றால் மேல், கீழ், இடம், வலம். இரண்டு மூன்று சுற்றாக இறுக்கினால் சக்கரம் சமமாக உட்காரும். சிறு கார்கள் பலவற்றுக்கு இறுக்கத்தின் அளவு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். காருடன் வந்த ஸ்பேனரைக் கையால் நன்றாக அழுத்தினால் அந்த அளவுக்கு அருகே வந்துவிடும். அதன்மேல் ஏறி மிதிக்காதீர்கள்.

கிளம்பும் முன்னும் பிறகும்

முட்டுக்கட்டை, ஜாக்கி, கழற்றிய சக்கரம், கடைசியாக முக்கோணம் என்று எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். தற்காலிக டயரில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மழையில் இன்னும் மெதுவாகப் போங்கள், அதன் பிடிப்பு குறைவு. ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு நிறுத்தி, நட்டுகளை மறுபடி ஸ்பேனரால் சோதியுங்கள். முதல் முறை மாட்டியவருக்கு ஒன்றிரண்டு கால் சுற்றாவது இறுகும்.

மறுநாளே டயர் கடைக்குப் போங்கள். ஆணி நடுப்பகுதியில் குத்தியிருந்தால் ஒட்டிவிடலாம். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் புதிய டயர்தான். அங்கே சக்கரத்தை மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கடைசி இறுக்கத்தைத் துப்பாக்கியால் செய்யாமல் அளவு காட்டும் ஸ்பேனரால் செய்யச் சொல்லுங்கள். அக்கா மகள் போன வாரம் அப்படிக் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் மறுப்பில்லாமல் உள்ளே போய் எடுத்துவந்தாராம்.